ஹெட்டைச் சீவும் முன் அளந்துவிடுங்கள்: ஒரு பழைய எஞ்சினில் கம்ப்ரஷன் ஏற்றப்போன கதை

பழைய கார் வைத்திருப்பவர்கள் "எஞ்சினுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கலாமா" என்று பேச ஆரம்பித்தால், சிறிது நேரத்தில் பேச்சு, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைச் சீவுவதில் வந்து நிற்கும். கார்புரேட்டரை மாற்ற வேண்டாம், கேம் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டாம், ஹெட்டைக் கழற்றி அடிமுகத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் போதும், கம்ப்ரஷன் ஏறிவிடும், வண்டி துள்ளும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் என்னிடமிருந்து ஒரு செட் பிஸ்டனையும், ஒரு நல்ல ஹெட்டையும், இரண்டாவது முறை எஞ்சின் கட்டும் செலவையும், கார் அசையாமல் நின்ற பல மாதங்களையும் வாங்கிக்கொண்டது. அந்த நாட்களில் எதை அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் எஞ்சின் வேறாக இருக்கலாம், எண்கள் மாறலாம், கணக்கு மாறாது.

என்னுடையது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏ-சீரிஸ் எஞ்சின், 1275 சிசி. இந்த எஞ்சின் குடும்பம் 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சிசி அளவில் பிறந்தது. ஹெட்டின் எரிஅறைக்கு அந்த இதய வடிவம் பிரிட்டிஷ் எஞ்சின் வல்லுநர் ஹாரி வெஸ்லேக்கின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அந்த முதல் எஞ்சினின் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற எண், வெறும் 7.2. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கிடைத்தது 'பூல்' என்ற தரம் குறைந்த பெட்ரோல்தான், வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண் அதில் 70-ஐச் சுற்றி இருந்தது, அதற்கு மேல் போனால் எஞ்சின் தாங்காது. பெட்ரோல் தரம் உயர உயர ரேஷியோவும் ஏறியது. 1964-ல் வந்த 1275 கூப்பர் எஸ் 9.75 வரை போனது. சாதாரண 1275 எஞ்சின்கள் பலவற்றில் இது 8.8. ஆக, பழைய எஞ்சின்களில் கம்ப்ரஷன் குறைவாக இருப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகத்தான். இன்றைய பெட்ரோலில் கொஞ்சம் ஏற்ற இடம் இருக்கிறது என்று நினைப்பதில் தவறே இல்லை.

நான் கேட்டதும் பேராசையான எண் இல்லை. எஞ்சினை எப்படியும் முழுதாகப் பிரிக்க வேண்டியிருந்தது. போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருந்ததால் அதை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற புது பிஸ்டன் போட ஏற்பாடு. அதோடு ஹெட்டையும் கூப்பர் எஸ் அளவுக்கு, 9.75-க்குக் கொண்டுவரச் சொன்னேன். பட்டறைக்காரர் உடனே, "சார், இது 8.8 எஞ்சின். ஒரு மில்லி எடுத்தா ஒரு புள்ளி ஏறும். கரெக்டா வந்துரும்" என்றார். பல வருடம் எஞ்சின் கட்டியவர், நம்பிக்கையோடு சொன்னார், ஹெட்டும் பளபளவென்று சீவி வந்தது. அந்த ஒரு மில்லி எந்தக் கணக்கில் வந்தது என்று அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்று எனக்கும் அப்போது தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பேர் ஹெட் பக்கமே போக மாட்டார்கள். கம்ப்ரஷன் ஏற்றுவதால் கிடைக்கும் லாபம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. பெட்ரோல் எஞ்சினுக்கான ஓட்டோ சைக்கிளின் (Otto cycle) வெப்பத்திறன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 8.8-லிருந்து 9.75-க்குப் போகும்போது திறன் ஏறக்குறைய மூன்று சதவீதம் கூடும். அதுவும் காகிதத்தில் உள்ள இலட்சிய எஞ்சினுக்கு. மேலே போகப் போக இந்த லாபம் இன்னும் குறைந்துகொண்டே வரும். ஆனால் நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடிக்கும் ஆபத்து, அப்படிக் குறையாது, ஏறிக்கொண்டே போகும். ஒரு எல்லைக்குப் பிறகு சிறிய லாபத்துக்காகப் பெரிய ஆபத்தை வாங்குகிறோம்.

எஞ்சினைக் கட்டி வண்டியில் ஏற்றியதும் முதல் சில நாட்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பதில் உடனே வந்தது. கவனமாக, மெதுவாக ஓட்டியதால் வேறு எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தபோது அந்தச் சத்தம் கேட்டது, தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவது போல. காலை எடுத்தால் நின்றது, மிதித்தால் மறுபடி வந்தது. பட்டறையில் "டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும்" என்று, பிளக் பொறி விடும் நேரம் தாமதமாகும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிட்டார்கள். சத்தம் குறைந்தது. ஆனால் எஞ்சின் சூடாக ஓட ஆரம்பித்தது, முதலில் இருந்த துள்ளலும் காணாமல் போனது. பம்பில் கிடைத்ததிலேயே உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலைப் போட்டேன். அது கொஞ்சம் உதவியது. வெயில் ஏறிய நேரத்தில், வண்டி நன்றாகச் சூடான பிறகு, மறுபடி அதே சத்தம்.

அந்தச் சத்தம் என்னவென்று அப்போதே யாராவது விளக்கியிருந்தால் வண்டியை அன்றே நிறுத்தியிருப்பேன். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ, அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகப் பரவ வேண்டும். அது பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் கலவை நசுங்கிச் சூடாகிறது. அந்தச் சூடும் அழுத்தமும் பெட்ரோலின் தாங்குதிறனைத் தாண்டினால், தீ வந்து சேரும் முன்பே அந்த மூலைக் கலவை மொத்தமாக வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை உலோகத்தில் மோதுவதைத்தான் காதால் கேட்கிறோம். மேட்டில், குறைந்த வேகத்தில், முழு மிதியில் கேட்பது எச்சரிக்கையாவது தரும். நெடுஞ்சாலையில் அதிக வேகத்தில் நடப்பது காற்றுச் சத்தத்திலும் எக்ஸாஸ்ட் சத்தத்திலும் அமுங்கிவிடும், அங்கேதான் எஞ்சின் சாகிறது. டைமிங்கைப் பின்னால் தள்ளினால் வெடிப்பு குறையும், ஆனால் தீ தாமதமாக எரிந்து எக்ஸாஸ்ட் வழியாகச் சூடு போகும், எக்ஸாஸ்ட் வால்வும் ஹெட்டும் வெந்து போகும். அது நோயை மறைக்கும் மாத்திரை, அவ்வளவுதான். எஞ்சினுக்கு வேண்டிய டைமிங்கையே கொடுக்க முடியாத அளவுக்குக் கம்ப்ரஷன் ஏற்றியிருந்தால், ஏற்றியதே வீண்.

ஒரு நீண்ட பயணத்தின் பாதியில் பவர் சட்டென்று விழுந்தது. ஆயில் ஊற்றும் மூடி வழியாகப் புகை அடித்தது, ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டுதான் வந்தேன். இந்த முறை பட்டறைக்கு அனுப்பாமல் நானே ஹெட்டைக் கழற்றினேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் கேஸ்கட், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில் கருகிப் பிளந்திருந்தது. ஏ-சீரிஸில் அந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒன்றுதான், அதனால் ஹெட்டிலேயே மிகவும் சூடான இடம் அது. மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். தலைப்பகுதியின் ஒரு ஓரம் மட்டும் மணல் பீய்ச்சி அடித்தது போல் பொடிப்பொடியாகக் குழிந்திருந்தது. மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையில் உள்ள மெல்லிய சுவர் விரல் நகம் அளவுக்கு உடைந்து, துண்டு ரிங்கோடு தொங்கியது. அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில், வெள்ளைப் பீங்கான் மேல், மிளகில் பாதிகூட இல்லாத சாம்பல் நிறப் புள்ளிகள். உரசிப் பார்த்தால் பளபளத்தன. பிஸ்டனின் அலுமினியம்தான் அது. பிளக்கை மட்டும் இடையில் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லி யாராவது சொல்லியிருந்தால் பிஸ்டன் பிழைத்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எல்லா பிளக்குகளையும் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பீங்கானைப் பாருங்கள். கரும்புள்ளியோ அலுமினியப் பொட்டோ தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

பட்டறையில் கேட்டபோது "பெட்ரோல் சரியில்லை" என்றார்கள். அது எனக்குப் போதவில்லை. உண்மையில் ரேஷியோ எவ்வளவு இருந்தது என்று நானே அளந்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அதற்குத் தேவையான சாமான்கள் மிகச் சாதாரணமானவை. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட் ஒன்று, சின்ன ஓட்டை போட்ட கெட்டியான அக்ரிலிக் தகடு ஒன்று, கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் ஒரு சொட்டு ஆயில் கலந்தால் நிறம் தெரியும், அளவைப் படிக்க எளிது. ஹெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவி உட்காரவைத்து, எந்த பிளக்கோடு ஓடப்போகிறதோ அதே வகைப் பிளக்கை மாட்டி, எரிஅறையைச் சுற்றிக் கிரீஸ் தடவி அக்ரிலிக் தகட்டை ஒட்டவேண்டும். ஹெட்டை ஓட்டை இருக்கும் பக்கம் கொஞ்சம் உயர்த்திவைத்தால் காற்றுக்குமிழி தானாக ஓட்டை வழியே வெளியேறும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, தகட்டைத் தொடும்வரை நிரப்பினால் அறையின் கொள்ளளவு கிடைத்துவிடும். ஒரே அறையைத் திரும்ப அளக்கும்போது முந்தைய அளவோடு ஒத்துவரும்வரை விடாதீர்கள். கிரீஸ் உள்ளே பிதுங்கியிருந்தாலோ குமிழி ஒன்று ஒளிந்திருந்தாலோ எண் பொய் சொல்லும்.

இந்த ஹெட்டின் அறைகள் சீவாத நிலையில் பொதுவாக 21.4 சிசி இருக்கும். எனக்குக் கிடைத்தது முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 18.2, 19.6, 17.9, 19.1. அந்த எண்களை எழுதிவைத்துவிட்டு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே எஞ்சினில் நான்கு வேறு எஞ்சின்கள். பழைய வார்ப்பில் அறைகள் சரிசமமாக இருக்காது. அதோடு ஒவ்வொரு முறை வால்வ் சீட் வெட்டும்போதும் சில வால்வுகள் அதிகம் உள்ளே போயிருக்கும், அந்த அறைகள் பெரிதாகியிருக்கும். சீவும் இயந்திரம் எல்லா அறையிலிருந்தும் ஒரே ஆழத்தைத்தான் எடுக்கும். இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். உடைந்தது எந்தப் பிஸ்டன் என்று பாருங்கள், அறை மிகச் சின்னதாக இருந்த மூன்றாவது சிலிண்டர்தான்.

அறையின் அளவு மட்டும் ரேஷியோ ஆகாது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு, அந்த இடம் ஐந்து துண்டுகளால் ஆனது. ஹெட்டின் அறை ஒன்று. இறுகிய பிறகு கேஸ்கட்டின் ஓட்டைக்குள் இருக்கும் இடம் இரண்டு. பிஸ்டன் தலையில் உள்ள குழி மூன்று. பிஸ்டன் உச்சியில் நின்றாலும் பிளாக்கின் மேல்முகத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும், அந்த இடைவெளி நான்கு. பிஸ்டனின் பக்கவாட்டில் மேல் ரிங் வரை உள்ள இடுக்கு ஐந்து. கேஸ்கட்டுக்குப் பழைய, இறுகிய கேஸ்கட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தேன், 0.8 மி.மீ. ஓட்டையின் விட்டத்தோடு பெருக்கினால் 3.4 சிசி. பிளாக் முகத்திலிருந்து பிஸ்டன் 0.5 மி.மீ. கீழே நின்றது, அது 2 சிசி. பிஸ்டன் குழியை அளக்க, பிஸ்டனை டயல் கேஜ் வைத்துப் பிளாக் முகத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்கி, ஓரத்தைக் கிரீஸால் அடைத்து, மேலே அதே அக்ரிலிக் தகட்டை வைத்து நிரப்பினேன். 71.12 மி.மீ. போரில் 10 மி.மீ. உயரம் என்றால் 39.7 சிசி. உள்ளே போனது 47.7. மிச்சம் 8 சிசிதான் பிஸ்டன் குழி. ரிங் இடுக்குக்கு 0.6 சேர்த்தால், ஹெட்டைத் தவிர்த்து மொத்தம் 14 சிசி.

ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறும் தூரம், 81.28 மி.மீ., அதனால் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் கொள்ளளவு 323 சிசி. 323-ஐ மிச்ச இடத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ரேஷியோ. மூன்றாவது சிலிண்டரில் மிச்ச இடம் 31.9, ரேஷியோ 11.1. இரண்டாவதில் 33.6, ரேஷியோ 10.6. நான் கேட்டது 9.75. இதைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த கணக்கு. சீவாத ஹெட்டின் 21.4-ஐப் போட்டுப் பார்த்தேன். மிச்ச இடம் 35.4, ரேஷியோ 10.1. அதாவது ஹெட்டைத் தொடாமலே, போரைப் பெரிதாக்கி, குழி சின்னதான புது பிஸ்டனைப் போட்டபோதே நான் கேட்ட எண்ணைத் தாண்டியாயிற்று. "இது 8.8 எஞ்சின்" என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் உண்மை. போர் மாறி, பிஸ்டன் மாறி, கேஸ்கட் மாறிய எஞ்சினுக்குப் புத்தகத்தில் உள்ள ரேஷியோ செல்லாது. ஒரு மில்லிக்கு ஒரு புள்ளி என்ற வாய்க்கணக்கும் செல்லாது.

இந்த அளவுள்ள எஞ்சினில் 8.8-க்கும் 9.75-க்கும் இடையில் இருக்கும் இடம் ஐந்து சிசிகூட இல்லை, ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். பத்தைச் சுற்றி இருக்கும்போது ஒரு சிசி பிசகினால் கால் புள்ளி போய்விடும். இவ்வளவு நுணுக்கமான விஷயத்தைக் கண்ணால் பார்த்தோ, அனுபவத்தை வைத்தோ சொல்லவே முடியாது. பட்டறைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "என்ன அளவு எடுத்தீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அளக்காமல் சீவுகிறேன் என்றால் ஹெட்டைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. தடிமனான கேஸ்கட் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது ரேஷியோவைக் குறைக்கும், ஆனால் வேறொன்றைக் கெடுக்கும். எரிஅறையைச் சுற்றி ஹெட்டின் தட்டையான பகுதியும் பிஸ்டனின் தட்டையான ஓரமும் நேருக்கு நேர் நெருங்கி வரும் இடம் ஒன்று உண்டு, அதை ஸ்க்விஷ் என்பார்கள். பிஸ்டன் மேலே வரும்போது அங்கிருக்கும் கலவை பிதுங்கி நடு அறைக்குள் பாயும். கலவை சுழலும், தீ வேகமாகப் பரவும், மூலையில் வெடிக்கக் காத்திருக்கும் கலவையும் குறையும். இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நாக்கிங்கை நன்றாகத் தடுக்கும். ஒன்றரையைத் தாண்டினால் மோசம், அங்கே கலவை தேங்கி நின்று எளிதில் வெடிக்கும். என் எஞ்சினில் பிளாக் இடைவெளி 0.5, கேஸ்கட் 0.8, மொத்தம் 1.3. தடித்த கேஸ்கட் போட்டால் இன்னும் கூடும். அதாவது ரேஷியோவைக் குறைத்துவிட்டு நாக்கிங்கைக் கூட்டிக்கொள்வேன். கம்ப்ரஷன் ஏற்ற ஆசை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிளாக்கின் மேல்முகத்தை. ஹெட்டின் அடிமுகம் அதற்கு அப்புறம்தான். இதை ஆரம்பத்திலேயே தெரிந்துவைத்திருந்தால் என் பணம் சரியான இடத்தில் போயிருக்கும்.

வேறு ஹெட் தேடினேன். இது எதிர்பார்த்ததைவிட நீண்ட வேலை. ஏ-சீரிஸ் ஹெட்டின் புது உயரம் 69.85 மி.மீ. பழைய ஹெட் விற்பவர்கள் "கை படாதது" என்று சொன்னவற்றில் பலவற்றை வெர்னியரில் பிடித்தால் 69-க்கும் கீழே. ஏதோ ஒரு காலத்தில் சூடேறி வளைந்ததற்காகச் சீவியிருப்பார்கள். பழைய ஹெட் வாங்கப் போனால் வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள், நான்கு மூலையிலும் அளங்கள், நான்கும் ஒத்துப்போக வேண்டும். விரிசலுக்கு வால்வ் சீட்டுகளுக்கு நடுவில் உள்ள குறுகிய இடத்தைப் பாருங்கள். கடைசியில் முழு உயரத்தோடு ஒன்று கிடைத்தது. ஈயம் கலக்காத பெட்ரோலில் பழைய இரும்பு சீட்டுகள் தேய்ந்து வால்வ் உள்ளே புதையும் என்பதால் எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் வளையங்கள் போடச் செய்தேன். சீட் வேலை முழுக்க முடிந்த பிறகுதான் அறைகளை அளக்க வேண்டும், முன்னால் அளந்தால் அந்த உழைப்பு வீண்.

பிளாக்கின் மேல்முகத்தில் 0.3 மி.மீ. எடுக்கச் சொல்லி ஸ்க்விஷ் இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அதனால் 1.2 சிசி குறைந்து ஹெட்டைத் தவிர்த்த இடம் 12.8 ஆனது. பத்தோ பத்தரையோ வந்தால் போதும் என்று இல்லாமல், சரியாக 10.0 வேண்டும் என்று முடிவு செய்தால் மிச்ச இடம் 35.9 வேண்டும், ஆக அறைக்கு 23.1. இருப்பது 21.4. ஆகவே இந்த முறை அறையைச் சின்னதாக்காமல் பெரிதாக்க வேண்டியிருந்தது. இது உண்மையில் நல்ல செய்தி. இந்த அறைகளில் வால்வின் ஓரத்தை ஒட்டிச் சுவர் நிற்கும், காற்று நுழைய அது தடை. அந்தச் சுவரைக் கொஞ்சம் பின்தள்ளி அரைத்தால் காற்றோட்டம் கூடும், கொள்ளளவும் கூடும். கேஸ்கட்டின் ஓட்டையை ஹெட்டில் கோடாக வரைந்துகொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல், கொஞ்சம் அரைப்பது, அளப்பது, மறுபடி அரைப்பது என்று போனேன். பழைய வால்வுகளை மாட்டி வைத்து அரைத்தால் கருவி வழுக்கினாலும் சீட் பிழைக்கும். பிசிறும் கூர்மையான விளிம்பும் எங்கேயும் இருக்கக் கூடாது, எமரித் தாளால் தேய்த்து மழுங்கச் செய்துவிடுங்கள். கூர்மையான ஓரம் சிவக்கச் சூடேறி, பிளக் பொறி விடும் முன்பே தீ வைத்துவிடும், அப்போது பிஸ்டனில் ஓட்டையே விழும். நான்கு அறைகளும் ஒன்றுக்கொன்று 0.2 சிசிக்குள் வரும்வரை நான் விடவில்லை. இந்த எஞ்சினில் நான் செய்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உங்கள் கணக்கில் சீவத்தான் வேண்டும் என்று வந்தால் எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஹெட்டை ஸ்பிரிட் லெவல் வைத்து எல்லாப் பக்கமும் மட்டமாகக் கவிழ்த்து வையுங்கள். உங்களுக்கு வேண்டிய இறுதிக் கொள்ளளவை மட்டும், மிகச் சிறிய அறைக்குள் பியூரெட்டிலிருந்து விடுங்கள். அறை நிரம்பாது. ஹெட் முகத்திலிருந்து திரவத்தின் மேல்மட்டம் வரை டெப்த் கேஜால் அளந்தால், சீவ வேண்டிய ஆழம் கையில். அறையின் சுவர் சாய்வாக இருந்தாலும் அதுவே கணக்கில் வந்துவிடும். முதலில் அறைகளைச் சமப்படுத்திவிட்டு, கடைசி வேலையாகச் சீவுங்கள். கேட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைவாகச் சீவச் சொல்லி, அளந்து பார்த்து, மீதியை எடுப்பது இன்னும் பாதுகாப்பு.

சீவியதும் மற்ற இடங்களும் மாறும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெட் கீழே இறங்கினால், கேமின் அசைவை மேலே ராக்கருக்குக் கொண்டுபோகும் புஷ் ராடு அதே அளவு நீளமானது போல் ஆகி, ராக்கர் வால்வைத் தொடும் இடம் நகரும். ராக்கர் தூண்களுக்கு அடியில் ஷிம் வைத்தோ புஷ் ராடு நீளத்தை மாற்றியோ சரிசெய்ய வேண்டும். கேம் மேலே இருக்கும் எஞ்சின்களில் ஹெட் இறங்கினால் செயின் அல்லது பெல்ட்டின் நீளக்கணக்கு மாறி வால்வ் டைமிங் தள்ளிப்போகும். ஏ-சீரிஸில் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் போரைத் தாண்டிப் பிளாக் முகத்துக்கு மேலே நிற்கும், அதனால் வால்வ் முழுதாகத் திறக்கும்போது பிளாக்கில் இடிக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணைப் பிஸ்டன் மேலும் பிளாக் ஓரத்திலும் ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கழற்றிப் பார்த்தால் எங்கே எவ்வளவு இடைவெளி என்று களிமண்ணே காட்டிவிடும். ஸ்டார்ட்டர் போட்டு இதைச் செய்யாதீர்கள்.

கம்ப்ரஷன் கேஜை வைத்து ரேஷியோ சொல்பவர்களிடமும் கொஞ்சம் கவனமாக இருங்கள். கேஜ் காட்டும் அழுத்தம் இன்டேக் வால்வ் எப்போது மூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் 'ஹாட்' கேம் போட்ட எஞ்சினில் வால்வ் தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த கலவை கொஞ்சம் திரும்பிப் போகும், அழுத்தம் குறைவாகக் காட்டும். அந்த எஞ்சின் அதிக ரேஷியோவைத் தாங்கும். என்னுடையது போல் சாதாரண கேம் என்றால் வால்வ் சீக்கிரமே மூடிவிடும், அதே ரேஷியோ இன்னும் கடுமையாக அடிக்கும். யாரோ ஒருவரின் கார் 11-ல் நன்றாக ஓடுகிறது என்று கேட்டால், அவருடைய கேம் என்ன, பெட்ரோல் என்ன என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எஞ்சினை மறுபடி கட்டி, டைமிங்கைக் குறைவாக வைத்து ஆரம்பித்து, சிறிது சிறிதாக முன்னே கொண்டுவந்தேன். சூடான எஞ்சினோடு, அதே மேட்டில், அதே மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது அப்போதுதான். பழைய 11 ரேஷியோவில் இருந்ததைவிட இப்போது இழுவை நன்றாக இருக்கிறது, வெப்பமானியின் முள் பாதிக்கு மேல் போவதில்லை, பிளக்குகளின் பீங்கான் சுத்தமாக இருக்கிறது. இறுதியாக நான் வந்து நின்ற 10.0, முதல் முறை புது பிஸ்டனைப் போட்டு ஹெட்டைச் சீவாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் ரேஷியோவைவிட இம்மியளவு குறைவு. மாறியதெல்லாம் ஸ்க்விஷும், அறைகளின் சமமும், சரியான டைமிங்கும்தான்.

செலவைப் பற்றிச் சொன்னால், பியூரெட், அக்ரிலிக் தகடு, கிரீஸ், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்த்தும் நல்ல ஹெட் கேஸ்கட் ஒன்றின் விலைதான். அளக்க ஒரு விடுமுறை நாள் போதும். இப்போது என் எஞ்சினின் ஐந்து கொள்ளளவுகள், நான்கு அறைகளின் அளவு, ஹெட்டின் உயரம், போர், கேஸ்கட் தடிமன் எல்லாம் ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது கேஸ்கட்டை வேறு தடிமனில் மாற்றச் சொன்னாலோ, வளைவுக்காக ஹெட்டில் ஒரு சின்னக் கீறல் அளவு எடுக்க வேண்டியிருந்தாலோ, அந்தத் தாளைப் பார்த்து ரேஷியோ எங்கே போகும் என்று இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். நீங்கள் வண்டியை விற்றாலும் அந்தத் தாளை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.